முற்றமும் ஏரிக்கரையும்



மைசூரிலிருந்து உதகமண்டலம் செல்வோர் குண்டலுபேட்டையில் இறங்கித் தேநீர் அருந்துவது வழக்கம். அவ்வூரில் என் தமக்கையார் இல்லம் இருக்கிறது. குளிர்கால விடுமுறைகளை அங்கே கழித்தபோதுதான், நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்து வாழும் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

கிணற்றடி ஈரத்தில் வாலை ஓயாது அசைத்தவாறு நடக்கும் சிறு பறவை ஒன்றுண்டு. முதுகு சாம்பல் நிறம், வயிறு மஞ்சள். அதுவே கரும்சாம்பல் வாலாட்டி. இமயமலை ஓடைகளின் ஓரம் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் தெற்கே இறங்கிவிடுகிறது. மின்கம்பிகளில் வரிசையாய் அமரும் தகைவிலான்களும், ஏரிக்கரைச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் வடக்கிலிருந்து வந்த விருந்தினரே.

சற்றுத் தொலைவில், நஞ்சன்கூட்டை அடுத்த ஹதினாரு ஏரிக்கு வரித்தலை வாத்துகள் வருகின்றன. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வாத்துகளும் அங்கே காணப்பட்டுள்ளன. இமயத்தையே கடந்து வரும் இவை, பகலில் நீரில் இளைப்பாறி, இரவில் வயல்களில் மேய்கின்றன. ஆர்வ மிகுதியால் நாம் அருகே சென்று கலைத்துவிட்டால், அவற்றின் உறக்கத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம்.

ஒரு தை மாதத்தில், "இவ்வாண்டு ஏரியில் பறவைகள் குறைந்துவிட்டன" என்று தமக்கையாரிடம் வருந்தினேன்.

"சென்ற ஆண்டு எத்தனை இருந்தன, தம்பி?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. அவரோ பால்கணக்கு நோட்டை எடுத்து வந்தார். வாலாட்டி கிணற்றடிக்கு முதன்முதல் வந்த நாள், ஏழு ஆண்டுகளாக அதில் குறிக்கப்பட்டிருந்தது! ஏரிகளெல்லாம் சுற்றிய நான் வெட்கமுற்றேன்.

குறிப்பின் வலிமை சிறிதன்று. பறவை அறிஞர் சாலிம் அலி மைசூர்ச் சமஸ்தானத்தில் பறவைகளை ஆராய்ந்தபோது, காவிரித் தீவுகளில் அவை கூடு கட்டுவதைக் கண்டு எடுத்துரைத்தார். அதன் பயனாக 1940ஆம் ஆண்டில் ரங்கன்திட்டு சரணாலயமாயிற்று. இன்று தமிழகத்தில் பொங்கல் நாட்களிலும், உலகெங்கும் பிப்ரவரியில் நான்கு நாட்களிலும், ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே போதும். எவரும் இதில் பங்குகொள்ளலாம்.

தில்லியிலோ, பம்பாயிலோ, கல்கத்தாவிலோ வாழும் அன்பர்களே! காலையில் வெயில் முதுகில் படும்படி நின்று பாருங்கள். நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வையுங்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட வேண்டாம். வழக்கமாக வரும் பறவை வராத நாளையும் குறியுங்கள். வந்ததை எழுதி வைத்தவருக்கே வராமற்போனது தெரியும்.