சாவடியில் விட்டதோடு முடியவில்லை



நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தது நினைவிருக்கிறது. மறுநாள் அவர் செய்ததைத்தான் மறந்துவிடுகிறோம். சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம், அதாவது இரண்டு நாள் கூலி, கொடுத்தார், கவனித்துக்கொள்ளச் சொன்னார், திரும்பி வருவதாகவும் வாக்களித்தார் (லூக்கா 10).

எங்கள் காரியாபட்டிப் பக்கத்தில் நெஞ்சுவலி என்றால் மதுரைக்கு ஓடுவோம். எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், இதயம் பலவீனப்பட்டு மதுரையில் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம், செபித்தோம். அதன்பின் நாங்கள் யாரும் போகவில்லை. மூச்சு சீரானதும் நீர் மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார். கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் தொடர்ந்தன. மூன்றாம் வாரம் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, நள்ளிரவில் 108 வண்டியில் மறுபடியும் மதுரை. இறைவன் அருளால் பிழைத்துக்கொண்டார். மருத்துவமனை கொடுத்த சீட்டில் எல்லாமே எழுதியிருந்தது. பிள்ளைகள் திருப்பூரில், வாசித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அன்புக்குரியவர்களே, ஒருவர் வீடு திரும்பினால் முதல் வாரத்திலேயே அன்பியத்திலிருந்து இருவர் போவோம். சீட்டை வாசித்து, எந்த மாத்திரை எப்போது என்று சொல்லுவோம். அடுத்து மருத்துவரைப் பார்க்கும் நாளை நாட்காட்டியில் குறித்து, துணைக்கும் ஆள் பேசிவைப்போம். இதயம் பலவீனமானவர் தினமும் காலையில் எடை பார்க்கட்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, உடம்பில் கட்டும் நீர். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்தக் கரிசல் வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் சகோதரியிடம், இன்னார் இதய நோயாளி, புதிதாக வீடு திரும்பியிருக்கிறார் என்று சொல்லிவைப்போம். அதுவும் ஒருவரை நல்ல கையில் ஒப்படைப்பதுதான்.

சமாரியர் திரும்பி வருவேன் என்றார். நாமும் பழத்தை வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது, "அடுத்த வாரமும் வருகிறோம்" என்று சொல்லுவோம். சொன்னபடி போவோம். ஆமென்.