நாற்காலி எத்தனை, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, திருப்பத்தூர்ப் பெருமக்களே! பழைய வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது பாடப் புத்தகமா, பொம்மையா? பொம்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

'பொம்மை வீடு பணக்காரப் பொழுதுபோக்கு'ன்னு எதிரணி அம்மா சொன்னாங்க. டில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்தாரே லட்யன்ஸ், அவரேதான் இங்கிலாந்து ராணி மேரிக்குப் பொம்மை வீடும் வடிவமைத்தார். 1924-இல் முடிந்தது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் கணக்கு. குழாயில் தண்ணீர் வரும்; மின்விளக்கு எரியும். விண்ட்சர் கோட்டையில் இன்றும் இருக்கிறது. அது ராணிக்கு. நமக்குச் செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி போதும்! (சிரிப்பு)

அதே கணக்கில், நூறு வருஷத்துக்கு முந்தைய வசதியான வீட்டுக் கூடம் ஒன்று செய்து பாருங்கள். ஆறடி ஊஞ்சல் பலகை ஆறு அங்குலம். சுவரில் ரவிவர்மா லட்சுமி. 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு பரவிய படம் அது. ஓர் அரிக்கேன் விளக்கு. ஒரே ஒரு சாய்வு நாற்காலி. மின்விசிறியை மாட்டிவிடாதீர்கள், பனையோலை விசிறி வையுங்கள்.

இப்ப பொம்மைகளை உட்கார வையுங்க. ஐயா சாய்வு நாற்காலியில. உடனே பேத்தி கேப்பா: "தாத்தா, பாட்டி எங்க உக்காருவாங்க?" கதவுக்குப் பின்னாடி நின்னாங்கன்னு சொல்லணும். "நெல் மூட்டை சுமந்து வந்தவரு?" வாசலோட நிறுத்தினோம்னு சொல்லணும். சொல்லும்போது நமக்கே தொண்டை அடைக்கும்.

புத்தகம் படித்த பிள்ளை, 'அக்காலத்தில் விருந்தோம்பல் சிறந்திருந்தது' என்று எழுதி ஐந்து மார்க் வாங்கிவிடும். பொம்மைக்கு இடம் தேடுகிற பிள்ளைக்குத்தான், யாருக்கு இடமில்லாமல் போனது என்று தெரியும்! (கைதட்டல்)

சின்னப் பெட்டிக்குள்ள இவ்வளவு பெரிய விஷயமாங்கறீங்களா? ஜவ்வாது மலைச் சந்தனத்துக்குப் பேர்போன ஊர்க்காரங்க நீங்க. நெத்தியில வைக்கிறது ஒரு துளி. மணக்கிறது வீடு முழுக்க.

பழைய கூடத்தை முடித்ததும், பக்கத்திலேயே இன்னொரு பெட்டியைக் கொடுத்து, 'இது உன் காலத்து வீடு, நீயே ஜோடி'ன்னு சொல்லுங்க. எத்தனை நாற்காலி போடுறான்னு எண்ணிப் பாருங்க. யாரையும் நிக்க வைக்கலேன்னா, பிள்ளை பாடம் படிச்சிட்டான்னு அர்த்தம். தீர்ப்பை எண்ணிப் பார்த்தே சொல்லுங்கள் நடுவர் அவர்களே.