இணையமும் நம் மாணவரும்



நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் இப்பொருள்பற்றிப் பேசப் பணித்தமைக்கு நன்றி. உப்பளத்தில் பாத்தி மிதித்தும் உப்பு வாரியும் ஈட்டிய கூலியில் வாங்கிய கைபேசி இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. நூலகமே இல்லாத சேரிக்கும் அது நூலகமாகிறது, ஐயமில்லை. ஆனால் நூலகத்தில் நல்ல நூலைத் தெரிந்தெடுத்து அடுக்குபவர் ஒருவர் உண்டு. இணையத்தில் அவர் இல்லை. அந்த வேலை படிப்பவன் தலையில் விழுகிறது.

இது தேர்வு மதிப்பெண்ணோடு முடிகிற செய்தியன்று. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி ஊர் ஊராகப் பரவியிருந்தது. அதைப் பகிர்ந்தவர்களுள் எத்தனை பேர், 'இதை யார் சொன்னது?' என்று கேட்டிருப்பார்கள்?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வைன்பர்க், மக்ரூ ஆகிய இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வரலாற்றறிஞர் 10 பேர், மாணவர் 25 பேர், செய்தி சரிபார்ப்போர் 10 பேர் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தனர். படித்த பேராசிரியர்களே பலர் அழகான முகப்பைக் கண்டு ஏமாந்தனர். சரிபார்ப்போரோ அப்பக்கத்தில் நெடுநேரம் நிற்கவில்லை. உடனே வெளியேறி, இதை நடத்துபவர் யார், பிறர் இவரைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினர். படிப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் உப்பளத்தாருக்கு இது புதிதன்று. பாத்தியில் நிற்கும் நீரெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆயினும் செறிவு ஏறத்தாழ 25 பாகை போமேயை எட்டினால்தான் உப்பு விளையும். அதை மானி இட்டே அறிய வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரின் படத்தோடு நாள்தோறும் பொன்மொழிகள் வருகின்றன. அவற்றுள் அவர் சொல்லாதவையும் கலந்திருக்கின்றன. நம் பிள்ளை மேடையில் அதைச் சொல்லி, மாற்றார் எந்த நூலில் உள்ளது என்று கேட்டால், தலைகுனிவு அவனுக்கு மட்டுமா? மகாராட்டிர அரசு 1979 முதல் அவர் எழுத்தையும் பேச்சையும் தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. தமிழிலும் தொகுதிகள் உள்ளன. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இல்லாத மேற்கோளை நம் மாணவர் பகிரலாகாது. இதில் யாம் சற்றுக் கண்டிப்பாகவே இருக்கிறோம்.

கல்வி உதவித்தொகையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. பணம் கட்டச் சொல்லும் இணைப்பை, ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கெண்ணும் கொடுக்குமுன், முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐயமிருந்தால் பள்ளிக்கு வந்து கேளுங்கள்.

செயற்குழுவிற்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் ஒரு கணினியையும் அண்ணலின் தொகுதிகளையும் ஒரே மேசையில் வையுங்கள். வாரம் ஒரு மாலை, கைபேசியில் வந்த ஒரு செய்தியை எடுத்து, அதன் மூலத்தை மாணவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும். உடனிருக்க ஆசிரியர்களாகிய நாங்கள் வருகிறோம்.