ஒரு பக்கம் போனால் போதாதா?



புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றத்தில் இன்று கூடியிருக்கும் நுரையீரல் மருத்துவர்களே, மயக்க மருந்து நிபுணர்களே, இயன்மருத்துவர்களே, தாதியரே, தமிழில் மருத்துவம் பேசுவதைக் கேட்க வந்திருக்கும் வட்டாரத்துப் பெரியவர்களே! உதரவிதான நரம்பைப் பற்றிய இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்க என்னை அழைத்தமைக்கு நன்றி.

மருத்துவர் அல்லாதவர்களும் இங்கே இருப்பதால் நரம்பின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் வேர்களிலிருந்து, முக்கியமாக 4ஆவதிலிருந்து, இது புறப்படுகிறது. கழுத்தின் ஸ்கேலீன் தசைமேல் இறங்கி, காறையெலும்புக்குப் பின்னால் நெஞ்சுக்குள் நுழைந்து, இதய உறையை ஒட்டியே போய் உதரவிதானத்தைச் சேர்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும் தசை அது. அதற்கான நரம்பு கழுத்திலிருந்து வருவானேன்? கருவில் அந்தத் தசை உருவாகத் தொடங்குவதே கழுத்தருகில்தான். அது கீழே இறங்கும்போது நரம்பும் கூடவே நீண்டுவிடுகிறது. இவ்வளவு தூரம் போவதால்தான் வழியெல்லாம் அதற்கு ஆபத்து. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக் கழுத்து இழுபடலாம். பைபாஸ் சிகிச்சையில் நெஞ்சின் உட்புறத் தமனியைப் பிரிக்கும்போது அடிபடலாம். இதயத் துடிப்புக் கோளாற்றுக்குக் குளிர்பலூன் வைக்கும்போது வலப்பக்க நரம்பு உறைந்துபோகலாம்.

ஒரு காலத்தில் மருத்துவர்களே இந்த நரம்பை வேண்டுமென்றே நசுக்கினார்கள். காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. புண்பட்ட நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் ஆறும் என்பது நம்பிக்கை. ஜெர்மனியில் ஸ்டூர்ட்ஸ் என்பவர் 1911இல் நரம்பை வெட்டிவிடும் யோசனையை முன்வைத்தார். பிறகு வெட்டாமல் இடுக்கியால் நசுக்கும் முறை பரவியது. காறையெலும்புக்கு மேலே தோலை மரத்துப்போகச் செய்து, சிறிதாகக் கீறி, ஸ்கேலீன் தசைமேல் வெள்ளை நூலாகக் கிடக்கும் நரம்பைத் தேடிப் பிடித்து நசுக்குவார்கள். அந்தப் பக்கத்து உதரவிதானம் செயலிழந்து மேலேறும், நுரையீரல் சுருங்கும். சுமார் ஆறு மாதத்தில் நரம்பு மீண்டும் வளர்ந்துவிடும். சிலருக்குத் துணைநரம்பு ஒன்று தனியாக வரும். அதை விட்டுவிட்டால் சிகிச்சை பலிக்காது.

மருந்துகள் வந்ததும் இந்த முறைக்கு வேலையில்லாமல் போனது. நுரையீரலுக்கு மட்டுமல்ல, ஆளுக்கே ஓய்வு கட்டாயமில்லை என்று காட்டி, அதற்குமேல் ஒரு படி போனது நம் சென்னை. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியினர் சானடோரியம் என்ற ஓய்வு மருத்துவமனையில், மறு பாதியினர் தங்கள் எளிய வீடுகளில், ஒரே மருந்தை ஓராண்டு எடுத்துக்கொண்டார்கள். 1959இல் முடிவு வெளிவந்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் இங்கே சிங்கப்பூர் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றமும் சேர்ந்து குறுகியகால மருந்து முறைகளைச் சோதித்தன. உலகம் இன்று பின்பற்றும் ஆறு மாதச் சிகிச்சைக்குப் பின்னால் இந்த ஊரின் உழைப்பும் இருக்கிறது. 

நசுக்கும் சிகிச்சை போய்விட்டது. அது விட்டுச்சென்ற ஓர் எண்ணம் மட்டும் போகவில்லை என்று நினைக்கிறேன். ‘ஒரு பக்கம் போனாலும் ஆள் தாங்குவார்’ என்பதே அது. நுரையீரல் நோய் வேறெதுவும் இல்லாத இளைஞர் பெரும்பாலும் தாங்குவார், உண்மைதான். எழுபது வயதில், பருத்த உடலோடு, பல்லாண்டு புகைபிடித்த நெஞ்சோடு இருப்பவர் எப்படித் தாங்குவார்? கைக்குழந்தை எப்படித் தாங்கும்? அதன் விலா இன்னும் இளக்கமானது. மூச்சுக்கு உதரவிதானத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது.

தோள் அறுவைக்காகக் கழுத்தில் போடும் மரத்துப்போகச் செய்யும் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் நியூயார்க்கில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபோது, வழக்கமான அளவு மருந்து பெற்ற ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கத்து உதரவிதானம் தற்காலிகமாகச் செயலிழந்திருந்தது. தேடிப் பார்க்கும்வரை அது அவ்வளவு பரவலானது என்று தெரியவில்லை. இப்போது மருந்தின் அளவைக் குறைக்கிறார்கள். நுரையீரல் பலவீனமானவர்களுக்கு வேறு இடத்தில் ஊசி போடுகிறார்கள்.

தேடுவது கடினமும் அன்று. நிமிர்ந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது, மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சளவு நீரில் இறங்கினால் திணறுகிறது என்று ஒருவர் சொன்னால் இதயத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். படுக்கவைத்து வயிற்றைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும்; இரு பக்கமும் செயலிழந்தவருக்கு அது உள்ளே குழியும். எக்ஸ்ரே திரைக்கு முன் நிறுத்தி மூக்கை விசுக்கென்று உறிஞ்சச் சொன்னால், நல்ல பக்கம் கீழே இறங்கும், கெட்ட பக்கம் மேலே ஏறும். மூச்சளவையை உட்கார்ந்த நிலையில் ஒருமுறையும் படுத்த நிலையில் ஒருமுறையும் எடுங்கள். படுத்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் இரு பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். தூக்கத்தையும் விசாரியுங்கள். கனவுறக்கத்தில் மற்ற மூச்சுத் தசைகள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும், உதரவிதானம் மட்டுமே உழைக்கும். அது பழுதானவருக்கு விடியலில் தலைவலியும் பகலில் அசதியும் மிஞ்சும்.

கண்டுபிடித்தால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. நரம்பு அறுபடாமல் நசுங்கியிருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும், ஆகவே மாதக்கணக்கில் பொறுக்கலாம். அதுவரை இரவில் முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுக்கலாம். வளராவிட்டால் தளர்ந்த தசையை மடித்துத் தைக்கலாம்.

இந்த அமர்வுகளின் முடிவில் நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு தீர்மானம். கழுத்திலோ நெஞ்சிலோ நாம் கைவைத்த ஒவ்வொரு நோயாளியின் வீடு திரும்பும் கடிதத்திலும் ‘மல்லாந்து படுக்க முடிகிறதா’ என்பதற்கு ஒரு வரி இருக்கட்டும். அதைப் பலதுறை மருந்தகத்தின் தாதி அடுத்த சந்திப்பில் மறுபடி கேட்கட்டும். பிற்பகலில் அல்ட்ராசவுண்டில் உதரவிதானத்தைப் பார்க்கும் செய்முறைப் பயிற்சி இருக்கிறது. தாதியரும் இயன்மருத்துவர்களும் முதலில் கருவியைக் கையில் எடுக்க வேண்டும், மருத்துவர்கள் பின்னால் நிற்கலாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.