கணினிக்கும் உண்டு பெரட்டு

மலையகத் தோட்டங்களில் முன்னாளில் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் பெரட்டுக்குக் கூடினர். பிந்தியவர் அன்றைய பேரை இழக்கவும் நேரும். குறித்த வேளையில் தானே சம்பளக் கணக்கெழுதும் கணினிக்கும் அத்தகைய பெரட்டு உண்டு.

2006 ஏப்ரல் 15ஆம் திகதி இலங்கை தன் கடிகாரத்தை அரைமணி பின்னே வைத்தது. புதிய நேரவிதியைப் பெறாத கணினி, தன் பணியை அரைமணி முந்தியே தொடங்கும். மென்பொருளைப் புதுப்பித்தபின் நேர்வதும் இத்தகையதே: கட்டளை மாறாதிருக்க, அது நம்பிய நேரமோ, கோப்பின் இடமோ, அனுமதியோ மாறிவிடுகிறது.

ஆதலின், முதலில் பதிவேட்டைப் பார்த்துப் பணி நின்ற இடத்தை அறிதல் வேண்டும். பின்னர், அதே பயனர் பெயரில் அதனைக் கையால் இயக்கிக் குறையைத் திருத்தி, மறுநாள் விளைவையும் சரிபார்த்தல் வேண்டும். கணினி பிழைத்ததற்காகத் தொழிலாளியின் பேர் குறையலாகாது.