ஊர்ப்பெயர் கூறும் வரலாறு



ஊர்ப்பெயர்களை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அவற்றின் பொருளை ஆராய்வார் சிலரே. பெயரும் ஒரு வரலாற்றுச் சான்றாகும் என்பதற்கு, ஸ்கொட்லாந்தின் மேற்கே கிளைட் ஆற்றங்கரையிலுள்ள டம்பாட்டன் என்னும் பழம்பதி தக்கதோர் எடுத்துக்காட்டு.

அவ்வாற்றோரத்தில், எரிமலைக் குழம்பு இறுகியதனால் உண்டான இருமுடிக் குன்றொன்று செங்குத்தாய் நிற்கின்றது. அதன்மீது அரண் அமைத்து ஆண்டோர், வேல்சு மொழிக்கு உறவான மொழியைப் பேசிய பண்டைப் பிரித்தானியர். அவர்கள் அதனை 'அல்ட் குளுட்', அதாவது 'கிளைட் பாறை' என்றனர். 731 ஆம் ஆண்டில் தமது வரலாற்று நூலை முடித்த பீட் என்னும் துறவியாரும் அப்பெயரைக் குறித்துள்ளார்.

870 இல் வைக்கிங் தலைவர் இருவர் அவ்வரணை முற்றுகையிட்டனர். நான்கு திங்களின் பின் அது வீழ்ந்தது. மறு ஆண்டில் அவர்கள் 200 கப்பல்களுடன், சிறைப்பட்ட மக்கள் பலரையும் கொண்டு டப்ளினுக்கு மீண்டனர்.

காலப்போக்கில் பிரித்தானியரின் அரசு ஸ்கொட்லாந்தோடு இணைந்தது. அவர்தம் மொழியும் அங்கு வழக்கொழிந்தது. ஆயினும் கேலிக் மொழி பேசிய அயலார், அவ்விடத்தைப் 'பிரித்தானியர் கோட்டை' எனப் பொருள்படும் 'டூன் பிரெட்டன்' என்று அழைத்தனர். அதுவே திரிந்து டம்பாட்டன் ஆயிற்று. 1222 இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் அதனை அரச நகராக்கினார்.

தாம் இட்ட பெயர் மறைந்துபோக, அயலார் இட்ட பெயரிலேயே அம்மக்களின் நினைவு நிலைத்துள்ளது. ஆதலின், பழைய ஊர்ப்பெயர் எதனையும் பொருளற்ற ஒலியென்று தள்ளிவிடலாகாது. மறைந்த மக்களைப் பற்றி எஞ்சிய சாட்சி அதுவாகவும் இருக்கலாம்.