நீரும் ஒரு வயலே



மீன் என்றதும் 'பிடித்தல்' என்னும் வினையே நம் நாவில் முதலில் எழுகிறது. மீன்பண்ணைக்குள் நுழைந்தாலோ வேறு சொற்கள் வழங்கக் கேட்கிறோம். பண்ணையாளர் குளத்திற்குச் சுண்ணாம்பும் உரமும் இடுகிறார். மீன்விதை வாங்கி விடுகிறார். தீவனம் இட்டு வளர்க்கிறார். இறுதியில் அறுவடை செய்கிறார். மலாய் மொழியிலும் விதையைக் குறிக்கும் 'பெனே' என்னும் சொல்லே மீன்குஞ்சுக்கும் ஆகிறது. இவை உழவுத் தொழிலின் சொற்கள். பிடிப்போர் இயற்கை தந்ததை எடுக்கின்றனர். வளர்ப்போர் தாம் விதைத்ததை அறுக்கின்றனர். இதுவே நீர்வாழ் உயிரின வளர்ப்பின் இலக்கணம்.

மீன், இறால், சிப்பி, கடற்பாசி ஆகிய யாவும் இதனுள் அடங்கும். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனக் கணக்கின்படி, 2022-இல் உலகம் வளர்த்துப் பெற்ற நீர்வாழ் விலங்குகள் 9.44 கோடி டன். பிடித்துப் பெற்றதை வளர்த்துப் பெற்றது விஞ்சியது அவ்வாண்டில்தான் முதன்முறை.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இக்கேமரன் மலைக்கு இச்செய்தி எவ்வாறு பொருந்தும்? இங்குள்ள நீர் குளிர்ந்தது. குளிர்நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரையும், அது நன்மையே. ஆயினும் திலாப்பியா 25 முதல் 30 பாகை வெப்பத்திலேயே செழித்து வளரும். குளிரில் அதன் வளர்ச்சி மந்தமாகும். மண்ணுக்கேற்ற பயிர் என்பதுபோல் நீருக்கேற்ற மீன் என்பது முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தை ரிங்லெட் ஏரி கற்பிக்கிறது. மின்னாக்கத்திற்காகப் பெர்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் எழுந்தபோது உருவான ஏரி அது. சரிவுகளிலிருந்து மழை அரித்து வந்த மண் படிந்து அதன் கொள்ளளவு பெரிதும் குறைந்துவிட்டது. அடர்ந்து மூடிய தேயிலைச் செடிகள் மண்ணைப் பிடித்து வைக்கும். காடழித்து வெறுமையாய் விட்ட சரிவு அதனை ஆற்றில் இறக்கிவிடும். அம்மண் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். முட்டைகளை மூடிக் கெடுக்கும். மேலே தெளித்த பூச்சிமருந்தும் அதே வழியில் கீழே வரும்.

ஆதலின், மீன்விதை விழும் வயல் எது என மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டும். குளமும் அதற்கு நீர் தரும் மலைச்சரிவும் சேர்ந்ததே அவ்வயல். இதனை ஆசிரியர்கள் அறிவியல் வகுப்போடு மொழி வகுப்பிலும் கற்பிக்க வேண்டுகிறோம்.